ஜாஸ் காலப் பாடமும் பிள்ளைகள் செய்த பிராஜெக்டும்: மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடத்தைப் பகிருங்கள்

வரலாறு டீச்சர், நியூ ஜெர்சி

போன வருடம் நடந்தது. இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பு, அமெரிக்க வரலாறு. 1920கள் வந்தால் எல்லோரும் வைக்கிற அந்த 'கிளப் நைட்'டைத்தான் நானும் வைத்தேன். மதுவிலக்குக் காலம் என்பதால் டீ கப்பில் ஜிஞ்சர் ஏல், வாசலில் ரகசிய வார்த்தை, பெண்பிள்ளைகளுக்கு இறகு வைத்த தலைப்பட்டை. பலகையில் பெரிதாக அந்தக் கால நியூயார்க் கிளப் ஒன்றின் பெயரை, 'காட்டன் கிளப், ஹார்லெம்' என்று எழுதி, அங்கே வாசித்த டியூக் எல்லிங்டனின் ஜாஸ் இசையைப் போட்டுவிட்டேன்.

எல்லோரும் உள்ளே வந்தாயிற்று. ஒரு பையன் மட்டும் கதவுக்கு வெளியே நிற்கிறான். கையில் நான் அச்சடித்துக் கொடுத்த டிக்கெட். கருப்பினப் பையன், வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன். "உள்ளே வாப்பா" என்றேன்.

"எப்படி வரட்டும் மிஸ்? வாசிக்கிறவனாகவா, தட்டு தூக்குகிறவனாகவா? டிக்கெட் வாங்கினவன் என்று சொன்னால் என்னை விடமாட்டார்களே."

கோபமே இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டான். அவன் சொன்னது முழுக்க உண்மை. நிஜ காட்டன் கிளப் இருந்தது லெனக்ஸ் அவென்யூ, 142ஆவது தெரு. ஆடியவர்கள், வாசித்தவர்கள், பரிமாறியவர்கள் கருப்பர்கள். மேஜையில் உட்கார்ந்தவர்கள் வெள்ளையர்கள். சுற்றிலும் கருப்பின மக்கள் வாழ்கிற இடம், ஆனால் அந்தத் தெருக்காரர் காசோடு போனாலும் உட்கார இடம் கிடையாது. முந்தின வாரம் நானே இதை ஸ்லைடில் போட்டுக் காட்டியிருந்தேன். அப்புறமும் டிக்கெட் அடித்தேன். அவனுக்கு நான் சொன்ன பதில்: "இது சும்மா கிளாஸ்தானே, வா."

வந்தான். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். கப்பைத் தொடவில்லை. அந்த 'சும்மா'வை நான் சொல்லியிருக்கக் கூடாது.

பேண்ட் மாஸ்டர், சிகாகோ பக்கம்

டீச்சர், ரகசிய பார் பார்ட்டியை எல்லாம் நான் விட்டு ஏழு வருஷம் ஆகிறது. என் கதை வேறு.

1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு இங்கிருந்து இண்டியானாவின் ரிச்மண்டுக்குப் போய், ஜெனட் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோவில் வாசித்துப் பதிவு செய்ததே, அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திரும்பச் செய்ய வைத்தேன். அன்றைக்கு அந்தக் குழுவுக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குழல், அதன் முன்னால் மொத்தக் குழுவும். சத்தம் நேராக மெழுகுத் தட்டில் கீறலாக விழும். பத்து அங்குலத் தட்டுக்கு ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம், அவ்வளவுதான். பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டி வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். எங்களிடம் சார்ட் பேப்பரில் சுருட்டிய கூம்பு, அதன் குறுகிய வாயில் ஒரு போன். எடிட்டிங் கிடையாது, தப்பினால் முதலிலிருந்து.

டிரம்பெட் வாசிக்கிற பெண்ணின் சத்தம் கிளாரினெட்டை விழுங்கிவிட்டது. பிள்ளைகளே அவளைச் சுவர் வரை தள்ளினார்கள், அப்புறம் வராந்தாவுக்கு. அன்றைக்கு ஆலிவர் குழுவில் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் மாதிரியான குழல்) வாசித்த, பின்னால் பெரும் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் இப்படித்தான் தூரத்தில் நிறுத்தினார்கள் என்று சொன்னபோதும் அவள் முகம் மாறவில்லை. ஐந்தாவது டேக்கில் இரண்டே முக்கால் நிமிடம் ஆகும்போது பள்ளி மணி அடித்தது. உள்ளே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். வராந்தாவில் நின்றவளுக்கு யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது. மணிச் சத்தத்துக்கு மேலே தனியாகக் கடைசி வரை வாசித்து முடித்தாள். யாரும் மூச்சு விடவில்லை.

ஆறாவது டேக் சுத்தமாக வந்தது, அதை வைத்துக்கொண்டேன். ஐந்தாவதை அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. அதே ஜெனட் கம்பெனி காசு வாங்கிக்கொண்டு வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானுக்கும் இசைத்தட்டு அடித்துக் கொடுத்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் ரிச்மண்ட் கதையைச் சொல்லாதீர்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, ஃப்ரீமாண்ட்

நான் வாத்தியார் இல்லை. மகளுக்கு 1920களின் ஒரு நாளிதழ் முதல் பக்கம் தயாரிக்கச் சொல்லிப் பள்ளியில் வேலை கொடுத்தார்கள். தோழிகள் எல்லாம் ஃபிளாப்பர் எனப்பட்ட நவநாகரிகப் பெண்கள், தாதா அல் கபோன் என்று போக, இவள் 1923 பிப்ரவரி 19ஐ எடுத்தாள். பகத் சிங் திண்ட் வழக்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபிக்காரர். சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' இவர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் சிலரிடமிருந்தும் அரசு அதைப் பறித்தது.

சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்: "அப்பா, கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?"

நான் உறுதிமொழி எடுத்த அன்று சின்னக் கொடியோடு நின்ற படம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும். அதை நகலெடுத்து, குறுக்கே சிவப்புப் பேனாவால் 'ரத்து' என்று ஆங்கிலத்தில் எழுதி, முதல் பக்கத்தின் நடுவில் ஒட்டினாள். என்னிடம் கேட்டுத்தான் செய்தாள், நானும் சரி என்றுதான் சொன்னேன். ஒட்டி முடித்து என்னிடம் நீட்டியபோது வாங்கக் கை வரவில்லை.

ஆராய்ச்சி மாணவி, அட்லாண்டா

ஃப்ரீமாண்ட் அண்ணா, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். திண்ட் தரப்பு என்ன வாதாடியது என்பதும் அந்த முதல் பக்கத்தில் இருந்ததா? இந்த நிற வேற்றுமையே அநியாயம் என்று அவர்கள் சொல்லவில்லை. தான் உயர்ந்த சாதி, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையன் என்றார்கள். கல்யாண விஷயத்தில் அமெரிக்க வெள்ளையர் கருப்பரைப் பார்ப்பது போலத்தான் உயர்சாதி இந்து இந்தியப் பழங்குடிகளைப் பார்க்கிறான் என்று நீதிமன்றத்தில் கொடுத்த மனுவிலேயே எழுதினார்கள். தமிழ் வீட்டில் வளர்கிற பிள்ளை இதைத் தெரிந்துகொள்ளாமல் 'நமக்கும் அநீதி நடந்தது' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் படித்திருக்கிறாள்.

டீச்சர் சொன்ன பையன் கதவுக்கு வெளியே நின்றான். திண்ட் உள்ளே போகத் தன்னிடம் வேறு டிக்கெட் இருக்கிறது என்றார். இரண்டும் ஒன்றில்லை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, ஃப்ரீமாண்ட்

இல்லைம்மா, அது இல்லை. எனக்கே நீங்கள் சொல்லித்தான் தெரியும். ராத்திரி அவளை உட்கார வைத்து அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். "இதைப் போட்டால் அவர்மேல் பாவம் வராதே அப்பா" என்றாள். அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்ற நூலகர், டெட்ராய்ட்

என் அனுபவம் சின்னது. வாடகைக் காசு சேர்க்க அந்தக் காலத்தில் வீட்டிலேயே வைத்த 'வாடகை விருந்து'க்கு அழைப்புச் சீட்டு எழுதும் பயிற்சியில் ஒரு பெண் பெயர், இடம் எதுவும் இல்லாமல் 'இந்த மாதம் எவ்வளவு குறைகிறது' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு தொகை போட்டிருந்தாள். அது 1920களின் தொகை இல்லை, இன்றைய தொகை. பார்த்துவிட்டுப் பேசாமல் மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

டீச்சர், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிளப்பை விட்டுவிட்டு வாடகை விருந்தை எடுங்கள். ஹார்லெமில் கருப்பினக் குடும்பங்கள் சம்பளம் குறைவாக வாங்கி வாடகை அதிகமாகக் கொடுத்தன. மாதக் கடைசியில் வீட்டுச் சாமான்களை ஒதுக்கி, பியானோக்காரரைக் கூப்பிட்டு, மீனும் பன்றிக்காலும் சமைத்து, வாசலில் சில்லறைக் காசு வசூலித்தார்கள். ஃபேட்ஸ் வாலர், ஜேம்ஸ் பி. ஜான்சன் மாதிரிப் பெரிய ஜாஸ் பியானோக்காரர்கள் எல்லாம் இப்படிப்பட்ட வீடுகளில் வாசித்தவர்கள். அழைப்புச் சீட்டில் எதுகையோடு இரண்டு வரி இருக்கும். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தார். பிள்ளைகளுக்கு முதலில் கணக்கைக் கொடுங்கள்: வாடகை இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, எத்தனை பேர் வந்தால் ஈடுகட்டும்? அப்புறம் சீட்டு எழுதட்டும். வேஷம் கட்டச் சொல்லாதீர்கள். யார் எந்த ஆளாக நடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்ன நிமிடமே யாரோ ஒரு பிள்ளை கதவுக்கு வெளியே நிற்கும்.

ஓவியம் வருகிற வகுப்பாக இருந்தால் கருப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸை எடுங்கள். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கே வந்த கருப்பின மக்களின் கதையை 1940-41இல் 60 பலகைகளில் வரைந்தார். முதலில் வாசகங்களை எழுதினார். வரையும்போது ஒரு நிறத்தை எடுத்து எல்லாப் பலகைகளிலும் தடவிவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போனார். வகுப்பிலும் அப்படியே செய்யுங்கள்: ஆளுக்கு ஒரு அட்டை, ஒரே கிண்ணத்து மஞ்சள் எல்லோருக்கும். யாருடைய அட்டையும் தனியாக நிற்காது. மதிப்பெண்ணை வாசகத்துக்குப் போடுங்கள், படத்துக்கு வேண்டாம்.

வரலாறு டீச்சர், நியூ ஜெர்சி

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் அவனை வராந்தாவில் பார்த்தேன், இப்போது பன்னிரண்டாவது. "அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டிரம்ஸ் வாசிக்கிறவனாக வந்திருப்பேன் மிஸ், நீங்கள் கேட்டிருந்தால்" என்றான்.

ஏப்ரலில் வாடகை விருந்து வைக்கிறோம். பியானோ இல்லை. இசை ஆசிரியரிடம் கீபோர்டு கேட்டிருக்கிறேன். அவனிடமும் கேட்டிருக்கிறேன், பயிற்சி இல்லாத நாளாக இருந்தால் வருகிறேன் என்றிருக்கிறான்.