பூஜ்ஜியக் காந்தப்புலத்தை ஒட்டி வரும் சிக்னல் மீக்கடத்தல்தானா? உதவி தேவை

தக்கலை ஆய்வு மாணவி:
வணக்கம். ஈ.டி. (BEDT-TTF) என்ற கரிம மூலக்கூறின் காப்பா வகை உப்பை (மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாக, ஒன்றுக்கொன்று குறுக்கே அடுக்கியது), செம்பு டைசயனமைடு புரோமைடோடு சேர்ந்ததை, மின்படிகமாக்கலில், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தி, வளர்த்தேன். மழைக்காலம், கரண்ட் போய்ப் போய் வந்தது; மூன்றாம் முயற்சியில்தான் ஐந்தாறு படிகங்கள் தேறின. கடுகில் பாதிகூட இல்லாத, கருத்து மின்னும் சாய்சதுர வில்லைகள். மின்தடை அளக்கக் கம்பி ஒட்டிக் குளிர்வித்தால் விரிசல் விடுகிறது. அதனால் வெளியூரில் 9.4 கிகாஹெர்ட்ஸ் இ.பி.ஆர். (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு) கருவியில், காந்தப்புலத்தை மாற்றி மாற்றி மைக்ரோவேவ் உறிஞ்சலைப் பார்த்தேன். 5 கெல்வினில், பூஜ்ஜியப் புலத்தை ஒட்டி மெலிதாக ஒரு சிக்னல். இந்த உப்பு சுமார் 11.6 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாதது. நான் பார்த்தது அதுதானா? அடுத்த வாரம் ஒரே ஒரு நாள்தான் கருவி கிடைக்கும்.

நாகர்கோவில் சார்:
மக்களே, படிகம் இல்லாத வெறும் குழாயை ஓட்டிப் பார்த்தாயா? அது முதல் வேலை. அப்புறம் ஒப்பீட்டுக்கு வழக்கமாக வைக்கும் பாராகாந்தப் பொருளான டி.பி.பி.எச். ஒரு துளி வைத்து, 3,350 காஸ் பக்கம் வரும் அதன் கோட்டோடு ஒப்பிடு. மீக்கடத்தியில் புலம் ஏற ஏறச் சுழல்கள் (காந்தப்புலம் மெல்லிய இழைகளாக நுழையும் இடங்கள்) உள்ளே புகுந்து உறிஞ்சல் கூடும். பூஜ்ஜியத்தில்தான் அது மிகக் குறைவு. ஆகவே சிக்னல் டி.பி.பி.எச். கோட்டுக்குத் தலைகீழாக வர வேண்டும். புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வடிவம் மாறுகிறதா என்றும் பார். மின்காந்தத்தில் மிச்சப் புலம் நிற்கும், திரையில் தெரியும் பூஜ்ஜியத்தை நம்பாதே. பக்கத்தில் சால்டரிங் துணுக்கு கிடந்தாலும் ஏமாற்றும்: ஈயமே 7.2 கெல்வினில் மீக்கடத்திதான்.

தக்கலை ஆய்வு மாணவி:
வெறும் குழாயில் ஒன்றும் இல்லை சார். டி.பி.பி.எச். வைத்திருந்தேன், சிக்னல் அதற்குத் தலைகீழ்தான். சூடாக்கினால் 10 கெல்வின் வரை தெரிகிறது, அதனால் ஈயம் இல்லை. ஆனால் இரைச்சலைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் அக்கா:
எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தாய்?

தக்கலை ஆய்வு மாணவி:
அறை வெப்பத்திலிருந்து 20 நிமிடத்தில் 5 கெல்வின், அக்கா. ஹீலியம் தீர்ந்துவிடும் என்ற பயம்.

மார்த்தாண்டம் அக்கா:
அங்கேதான் சிக்கல். ஈ.டி.யின் ஓரத்து எத்திலீன் குழுக்கள் 80 கெல்வின் பக்கம் உறைந்து நிற்கும். அவசரப்படுத்தினால் தாறுமாறாகவே உறைந்துவிடும், மீக்கடத்தும் பகுதி குறைந்துபோகும். படிகத்தின் மேல் தப்பில்லை. 90 முதல் 60 வரை நிமிடத்துக்கு 0.2 கெல்வின் வைத்து இறக்கு. இரண்டரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். குழாயை ஹீலியம் நிரப்பி மூடு, காற்றின் ஆக்சிஜன் உறைந்தால் அதுவும் காந்தத்தன்மை காட்டும்.

தக்கலை ஆய்வு மாணவி (எட்டு நாள் கழித்து):
அதே படிகம்தான். மெதுவாக இறக்கினேன். சிக்னல் பல மடங்கு பெரிதாகி, 11.5 கெல்வினில் மறைந்தது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் வடிவம் வேறு. அக்கா, சார், இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அடுத்து காந்தமாக்க அளவீட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.