ஓ.எச்.எல். கூப்பிட்டால் மகனை விடலாமா?

நீலக்கோடு:
வணக்கம். மகனுக்கு 15 நடக்குது. ஐஸ் ஹொக்கியில டிஃபென்ஸ், அவன்ர வயசுக்கு ஆக மேல்மட்டமான டிரிபிள் ஏ-யில விளையாடுறான். வாற வசந்தத்தில ஓ.எச்.எல். (ஒன்ராறியோ ஹொக்கி லீக், கனடிய ஜூனியர் லீக்குகளில ஒண்டு) தெரிவு, அதாவது அணிகள் முறைவைச்சுப் பெடியன்களை எடுக்கிறது. ரெண்டு அணியின்ர ஆக்கள் ஏற்கெனவே வந்து கதைச்சிட்டினம். ஒரு ஏஜென்டும் போன் எடுத்தார். "நான் ஏஜென்ட் இல்லை, குடும்ப ஆலோசகர்" எண்டு சொன்னார். அதைக் கேட்டதும் மனுசிக்குச் சந்தேகம் கூடிப்போச்சு.

மனுசி சொல்லுறா, ஓ.எச்.எல்.-ல ஒரு ஆட்டம் ஆடினாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக வாய்ப்பு முடிஞ்சுதாம். மகன் சொல்லுறான், அது பழைய கதையாம். எடுக்கிற அணி எட்டு மணித்தியாலம் தள்ளி இருந்தால் 16 வயசில ஆரோவின்ர வீட்டில போய் இருக்கவேணும். அவன் ஆகப் பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல். போவான் எண்டு நான் கனவு காணேல்லை (பொய், காணுறன்). உண்மையில இந்தத் தொழில் எப்பிடிப் போகும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பனிமட்டை:
உங்கள் மகன் சொல்வதுதான் சரி. 2024 நவம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அந்த விதியை மாற்றிவிட்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஓ.எச்.எல்., டபிள்யூ.எச்.எல்., கியூபெக் லீக் ஆகிய மூன்று கனடிய ஜூனியர் லீக்குகளில் எதில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடலாம். கேவின் மெக்கென்னா டபிள்யூ.எச்.எல்.-இன் மெடிசின் ஹாட் அணியில் ஆடிவிட்டு பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் போனது அப்படித்தான். என்.எச்.எல். ஒப்பந்தம் செய்த பெடியன்களும் இந்த ஜூனியர் லீக்குகளில் ஆடுவார்கள், கைச்செலவுக்குக் காசும் கொடுப்பார்கள். அதனால்தான் முன்பு அவற்றைத் தொழில்முறை லீக் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்னொன்று: ஓ.எச்.எல்.-இல் ஒரு பருவம் ஆடினால் ஒரு வருடப் படிப்புக் காசு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. எப்போது அது இல்லாமல் போகும் என்பதைக் கையெழுத்து வைக்க முதல் வரிக்கு வரி வாசியுங்கள்.

பின்வாசல்:
தம்பி, எனக்கு ஹொக்கி பெரிசாத் தெரியாது. ஒன்ராறியோவில ஒரு சின்ன ஊரில ஒன்பது வருசமா பில்லெட் வீடு வைச்சிருக்கிறன், அவ்வளவுதான். தெரியாத ஆக்களுக்கு: அணியில சேர்ந்த வெளியூர்ப் பெடியன்களை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கட வீட்டில வைச்சுப் பார்க்கிறது. அணி மாசாமாசம் சாப்பாட்டுக்கு எண்டு ஏதோ தரும். 17 வயசுப் பெடியன் குடிக்கிற பாலுக்கே அது காணாது.

எங்கட வீட்டில நிண்ட ஒருத்தன்ர கதையைச் சொல்லுறன், பேர் வேண்டாம். 16 வயசில வந்தவன். முதல் கிழமை முழுக்க இரவில அழுதவன், சத்தம் கேக்காம இருக்க பாத்ரூம் பைப்பைத் திறந்துவிட்டிட்டு. எனக்குக் கேட்டது. கேட்டதெண்டு இண்டைக்கு வரைக்கும் அவனுக்குச் சொல்லேல்லை.

காலமை பள்ளிக்கூடம், பின்னேரம் பயிற்சி, கிழமைக் கடைசியில பஸ். விடியப்புறம் மூண்டு மணிக்கு வந்து இறங்கி, எட்டரைக்கு வகுப்பில இருப்பான். கையுறையும் பாட்ஸும் காயப்போட என்ர மனுசன் கராஜில ரெண்டு கம்பி கட்டிக் குடுத்தவர். அந்த நாத்தம் மைனஸ் இருபதிலயும் அடங்காது.

18 வயசில என்.எச்.எல். தெரிவில ஆறாம் சுற்றில எடுபட்டான். ஊரே கொண்டாடினது. செப்டெம்பர் முகாமுக்குப் போனவனைப் பத்து நாளில திருப்பி அனுப்பிட்டாங்கள். சிரிச்சுக்கொண்டுதான் வந்தவன். அதுக்குப் பிறகு ஜனவரியில, குசினி மேசையில இருந்து சாப்பிடேக்க ஒரு போன். ரெண்டு நிமிசம் கூட இல்லை. "என்னை ட்ரேட் பண்ணிட்டாங்கள்" எண்டான். ஒரு மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு பை, ஆறு ஸ்டிக், தன்ர தலகாணி எல்லாம் காரில ஏறிட்டுது. கோப்பையில பாதிச் சாப்பாடு அப்பிடியே கிடந்தது. எங்கட கடைசி மகள் வாசல்ல நிண்டு குளறினாள். அடுத்த நாள் ராத்திரி வேற ஜேர்சியோட ஆடினான். மூண்டு கிழமையால எதிரணிக்காரனா எங்கட அரங்குக்கே வந்தான். எந்தப் பக்கத்துக்குக் கை தட்டுறதெண்டு எங்களுக்குத் தெரியேல்லை.

எடுத்த என்.எச்.எல். அணி ரெண்டு வருசத்துக்குள்ள ஒப்பந்தம் தரவேணும் எண்டு அப்ப விதி. தரேல்லை. பிறகு ஈ.சி.எச்.எல்., அதாவது மூண்டாம் படி. அங்கையிருந்து ரெண்டு தரம், என்.எச்.எல்.-க்கு அடுத்த படியான ஏ.எச்.எல். கூப்பிட்டது: ஒருக்கா நாலு நாள், ஒருக்கா பதினொரு ஆட்டம். இப்ப ஐரோப்பாவில ஆடுறான். என்.எச்.எல்.-ல ஒரு நிமிசமும் ஆடேல்லை. ஆனால் ஹொக்கி ஆடித்தான் சீவிக்கிறான். இந்தத் தொழில்ல கனபேர் இப்பிடித்தான்.

உங்கட மகன்ர திறமையை ஸ்கவுட் பார்த்துக்கொள்ளுவார். சாப்பாட்டில கை வைச்சபடி இருக்கேக்க "எழும்பு, போ" எண்டால் போய், அடுத்த நாள் ஆடுற மனம் இருக்கோ எண்டு நீங்கள் பாருங்கோ.

நாலாம்வரிசை:
அக்கா எழுதியதற்குப் பின்னால் இருக்கிற விதிகளைச் சொல்கிறேன். அந்தப் பெடியனைத் திருப்பி ஓ.எச்.எல்.-க்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. கனடிய ஜூனியரிலிருந்து எடுபட்ட 18, 19 வயதுக்காரர் ஒன்றில் என்.எச்.எல்.-இல் ஆடவேண்டும், இல்லாவிட்டால் ஜூனியருக்குத் திரும்பவேண்டும் என்பதுதான் அப்போதைய விதி. நடுவில் இருக்கிற ஏ.எச்.எல். அவர்களுக்குப் பூட்டியே இருந்தது. அந்த வயதில் ஒப்பந்தம் போட்டவரை ஒன்பது ஆட்டம் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். பத்தாவது ஆட்டம் ஆடினால் ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கழிந்துவிடும். ஒன்பதாவது ஆட்டம் முடிந்த கையோடு பலர் வீட்டுக்குப் போவது அதனால்தான்.

என்.எச்.எல்.-இல் 32 அணி, அணிக்கு 23 பேர், மொத்தம் 736 கதிரை. வருடா வருடம் ஏழு சுற்றில் 220-க்கு மேற்பட்டவர்களை எடுக்கிறார்கள். கதிரை கூடுவதில்லை, மற்றதை நீங்களே யோசியுங்கள். சம்பளமும் அப்படித்தான். 2025-26-இல் என்.எச்.எல். குறைந்தபட்சம் 775,000 அமெரிக்க டொலர். அதே ஆள் இருவழி ஒப்பந்தத்தில் ஏ.எச்.எல்.-க்கு இறங்கினால் அதில் ஒரு சிறு பங்குதான், அதுவும் நாட்கணக்கில்.

ஆனால் தெரிவில் எடுபடாவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அர்ஷ்தீப் பெய்ன்ஸை எவரும் எடுக்கவில்லை. 2021-22-இல் ரெட் டியர் அணியில் 112 புள்ளி எடுத்து டபிள்யூ.எச்.எல். முழுவதற்கும் முதலாவதாக வந்தார், அந்தப் பருவத்தில்தான் என்.எச்.எல். அணியான வான்கூவர் ஒப்பந்தம் கொடுத்தது. 2024 பெப்ரவரியில் முதல் என்.எச்.எல். ஆட்டம், அதன் பிறகும் மேலும் கீழுமாக ஏறி இறங்கினார், 2025-இல் வான்கூவரின் ஏ.எச்.எல். அணியான அபட்ஸ்ஃபோர்டோடு அந்த லீக்கின் கால்டர் கோப்பை. மார்ட்டின் சென் லூயியும் தெரிவில் எடுபடாதவர்தான், உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். 2004-இல் டம்பா பே அணியோடு என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பை, அதே பருவத்தில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். மறுபக்கம், 1993-இல் ஒட்டாவா அணி முதலாவதாக எடுத்த அலெக்சாண்டர் டேக்லைப் பற்றி ஒட்டாவாக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெருமூச்சு விடுவார்கள்.

நீலக்கோடு:
எல்லாருக்கும் நன்றி. பின்வாசல் அக்கா, உங்கட பதிவை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். பைப் கதை வர எழும்பிப் போயிட்டா. மகனும் கேட்டவன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "அந்த வீட்டில வை-ஃபை எப்பிடி?" எண்டு கேட்டான். இதை நல்ல அறிகுறி எண்டு எடுக்கிறதோ?

பின்வாசல்:
நல்ல அறிகுறிதான் தம்பி! எங்கட ஆளும் வந்த அண்டு அதைத்தான் முதல் கேட்டவன்.

இப்ப தொடங்கி அவனையே தன்ர சாமான்களைக் காயப்போட விடுங்கோ, மனுசி தொடக்கூடாது. காலமை நேரத்துக்கு ஆரும் எழுப்பவும் வேண்டாம். இங்க வந்து முதல் மாசம் தடுமாறுற பெடியன்கள் எல்லாம் வீட்டில அம்மா உடுப்புத் தோய்ச்சுக் குடுத்தவங்கள்தான். அந்த ஆலோசகரிட்ட எதையும் கேக்க முதல், அணியின்ர பில்லெட் ஒருங்கிணைப்பாளர் ஆர் எண்டு விசாரிச்சு, ஏற்கெனவே பெடியன் வைச்சிருக்கிற ஒரு தாயின்ர நம்பரை வாங்குங்கோ. பின்னேரம் எடுக்காதேங்கோ, சமையல் நேரம். ஒன்பது மணிக்குப் பிறகு எடுத்தால் எல்லாம் சொல்லுவா.