தாத்தா வீட்டுக் குழுவில் ஏப்ரல் 30

நிலா: சித்தி, இன்று இரவு அழைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், கால்டன் குன்றில் பெல்டேன் நெருப்புத் திருவிழா. டிக்கெட் கிடைத்துவிட்டது.

சித்தி: இருட்டில் குன்றின் மேல் என்ன வேலை? தனியாகவா போகிறாய்?

நிலா: அலுவலகத் தோழிகளும் வருகிறார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பழைய கணக்கில் மே 1 கோடையின் முதல் நாள், அதுதான் பெல்டேன். முந்தைய இரவே கொண்டாடத் தொடங்கிவிடுவார்கள்.

பெரியப்பா: கோடையா? போன வாரம்தான் கம்பளித் தொப்பியோடு படம் அனுப்பினாய்.

நிலா: இந்த ஊர்க் கோடை அப்படித்தான் பெரியப்பா. எல்லாம் வேடம்தான்: மே ராணி வெள்ளை உடையில் ஊர்வலம் வருவாள், பச்சை மனிதன் செத்துப் பிழைப்பான், உடம்பெல்லாம் சிவப்புச் சாயம் பூசியவர்கள் ஆடுவார்கள். ஓயாத முரசு!

பெரியப்பா: பார்த்து மகிழ். ஆனால் அந்த ஊர்வலம் 1988இல் கலைஞர்கள் தொடங்கியது. பழைய பெல்டேன் மாடு வளர்த்தவர்களின் நாள். சுமார் 1100 ஆண்டுகளுக்கு முந்தைய அயர்லாந்து நூலான கோர்மாக்கின் சொல்லகராதியில், நோய் அண்டாதிருக்க இரண்டு நெருப்புகளுக்கு நடுவே மாடுகளை ஓட்டிய செய்தி இருக்கிறது.

அத்தை: நம் ஊரில் மாட்டுப் பொங்கலன்று வைக்கோலைக் கொளுத்தி மாட்டைத் தாண்ட விடுவார்களே!

பெரியப்பா: ஆமாம். அதற்காக இரண்டுக்கும் உறவு கண்டுபிடித்து யாரும் இங்கே பார்வர்டு அனுப்ப வேண்டாம்.

அத்தை: 🙄

கதிர்: நான் இருக்கும் அயர்லாந்தின் கார்க் பக்கத்தில் நெருப்பைவிட வெண்ணெய்க் கதைகள்தான் அதிகம். மே 1 விடியும் முன் பிறர் கிணற்றில் முதல் தண்ணீரை மேலாக வழித்து எடுத்துவிட்டால், அந்த வீட்டு வெண்ணெய் முழுவதும் எடுத்தவள் வீட்டுக்குப் போய்விடுமாம். அப்புறம் எவ்வளவு கடைந்தாலும் நுரைதான்.

சித்தி: கிணற்றுக்குக் காவல் இருப்பார்களா?

கதிர்: இருந்திருக்கிறார்கள் சித்தி. அன்றைக்கு வீட்டிலிருந்து பாலோ நெருப்போ வெளியே போகக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாலும். வாசற்படியில் மஞ்சள் பூ தூவுவார்கள். இன்னொரு கதையில், ஒரு கிழவி முயலாக மாறி மாட்டின் மடியில் பால் குடிப்பாள். நாய் முயலின் காலைக் கடிக்கும். துரத்திக்கொண்டு போனால் குடிசையில் கிழவி காலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

அத்தை: பாவம், எந்த ஊரிலும் தனியாக இருக்கும் கிழவி மேல்தான் பழி.

கதிர்: உண்மைதான் அத்தை. 1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தொகுப்பில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது. பயத்துக்குக் காரணம் இருந்தது. மே மாதப் புல்லில்தான் பால் பெருகும். வெண்ணெய் விற்ற காசில்தான் பலர் குத்தகை கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்க் வெண்ணெய்ச் சந்தை உலகிலேயே பெரியது. வெண்ணெய் திரளாவிட்டால் நிலமே போய்விடும்.

பெரியப்பா: இதைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு அது கேளிக்கை இரவு இல்லை, கலங்கிய இரவு. ஸ்காட்லாந்தில் 1769இல் பயணம் செய்த தாமஸ் பென்னன்ட் எழுதியிருக்கிறார்: ஒன்பது குமிழ் வைத்த ஓட்ஸ் ரொட்டியை மேய்ப்பர்கள் பிய்த்துத் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். ஒரு துண்டு காக்கும் தெய்வத்துக்கு. ஒரு துண்டு நரிக்கு, ஆட்டுக்குட்டியை விட்டுவிடு என்று. காக்கைக்கும் கழுகுக்கும்கூடப் பங்கு உண்டு.

சித்தி: நரிக்கே லஞ்சமா! 😄

நிலா: தோழி வீட்டில் ஹாதார்ன் என்ற முள்மரத்தின் பூ பறிக்கப் போனேன், அவள் அம்மா வீட்டுக்குள் கொண்டுவரவே விடவில்லை.

கதிர்: அது தேவதைகளின் மரம். 1999இல் கிளேர் மாவட்டத்தில் நெடுஞ்சாலைக்காக ஒரு ஹாதார்ன் புதரை வெட்டப் பார்த்தார்கள். கதைசொல்லி எடி லெனிஹன் எதிர்த்துக் கடிதம் எழுதினார். புதரை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள்.

சித்தி: நிலா, நாளை விடியலில் ஆர்தர்ஸ் சீட் மலையேறிப் பனித்துளியில் முகம் கழுவினால் அழகு கூடுமாமே? போய் வாயேன்.

நிலா: இரவு குன்று, விடியலில் மலை, ஒன்பது மணிக்கு அலுவலகம். குழாய்த் தண்ணீர் போதும் சித்தி.

பெரியப்பா: வீடியோ அனுப்பு. பின்னணியில் பாட்டு சேர்க்காதே, எனக்கு முரசுச் சத்தம் கேட்க வேண்டும்.