பறிச்சுட்டு ஓடினா தானா பூட்டிக்கிற ஃபோன்: உங்க அனுபவம் என்ன?

வேளச்சேரியிலிருந்து:

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டரை இருக்கும். விஜயநகர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி வீட்டுக்கு நடந்துட்டிருந்தேன். தங்கச்சி அனுப்பின ஃபோட்டோவைப் பெருசாக்கிப் பார்த்துட்டே நடை. பின்னாடி பைக் வந்த சத்தமே கேக்கல. விரல்ல ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ரெண்டு பேர், நம்பர் பிளேட்டை மடிச்சு விட்டிருந்தாங்க.

கத்திக்கிட்டே கொஞ்ச தூரம் ஓடினேன். டீக்கடை அண்ணன் தன் ஃபோனை நீட்டினாரு. என் நம்பருக்கே அடிச்சேன். மூணாவது தடவை யாரோ எடுத்தாங்க. பள்ளிக்கரணை போற வழியில ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேன். "கேட்டுக்கு வெளிய கெடந்துச்சு சார், திறந்து பார்த்தேன், நம்பர் கேக்குது"ன்னாரு. அந்தக் குரலை இன்னும் மறக்க முடியல.

இப்ப விஷயத்துக்கு வரேன். திரை தானா அணையுற நேரத்தை நான் பத்து நிமிஷம்னு வெச்சிருந்தேன். பறிபோனதுக்கும் வாட்ச்மேன் எடுத்ததுக்கும் நடுவுல அவ்வளவு நேரம் ஆகல. ரெண்டு மாசம் முன்னாடி 'தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்'னு ஒரு ஆண்ட்ராய்டு வசதியைப் போட்டு வெச்சிருந்தேன். அதுதான் பூட்டியிருக்கணும். "பவர் பட்டனை அவங்களே அழுத்தியிருக்கலாம்ல?"ன்னு மனைவி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதனால ஞாயித்துக்கிழமை காலைல பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனோம். ஒன்பதாவது படிக்கிற பையன் ஃபோனைப் பிடுங்கிட்டு ஓடணும், இதான் சோதனை.

ஆறு தடவை ஓடினான், ரெண்டு தடவை பூட்டிக்கிச்சு. பத்தடியில நின்னுட்டா பூட்டல. பிடுங்கின வேகத்துலயே நிக்காம ஓடினப்பதான் பூட்டிச்சு. காரணம் இருக்கு. திடீர்னு ஒரு இழுப்பு, உடனே ஓட்டமோ பைக் வேகமோ, இது ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் ஃபோன் அதைத் திருட்டுன்னு எடுத்துக்கும். அடுத்தடுத்துப் பூட்டினா கொஞ்ச நேரம் சும்மாவும் இருந்துடும். முழுசா நம்பக் கூடாது, ஆனா இல்லாம இருக்கவும் கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன்.

கூகுள் இதை 2024 மே மாசம் அறிவிச்சாங்க. ஆண்ட்ராய்டு 15 வந்த சமயத்துல பேசப்பட்டதால புது ஃபோனுக்கு மட்டும்தான்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ஆண்ட்ராய்டு 10-லிருந்து மேல உள்ள ஃபோன்களுக்கு, பின்னணியில ஓடுற கூகுளோட 'ப்ளே சர்வீசஸ்' வழியா வருது. என் ஃபோன் ஆண்ட்ராய்டு 12-லேயே நின்னுபோன பழசு, அதுலயே இருக்கு. ஆனா அணைஞ்சு இருந்துச்சு, நானா போய்த்தான் போட்டேன். செட்டிங்ஸ்ல 'தெஃப்ட்'னு தேடுங்க, வரும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க. வேலை செய்யாததையும் மறைக்காம எழுதுங்க.

குரோம்பேட்டையிலிருந்து:

என்னோடது ஐஃபோன். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, ரங்கநாதன் தெரு. அந்தக் கூட்டத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரு கையில பை, இன்னொரு கையில பொண்ணு. முகத்தை வெச்சுத் திறக்க முடியாம ஆறு இலக்க பாஸ்கோடைத் தட்டித்தான் பணம் கட்டினேன். யாரோ பக்கத்துல நின்னு பார்த்திருக்காங்க. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுல ஏறும்போது பை திறந்து கிடக்குது, ஃபோன் இல்ல.

பாஸ்கோடு தெரிஞ்சவன் கையில ஃபோன் போனா அதுக்கப்புறம் அது அவனோட ஃபோன்தான். ஆப்பிள் கணக்கோட பாஸ்வேர்டையே மாத்தி நம்மளை வெளியே தள்ளிடலாம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024 ஜனவரியில ஐஓஎஸ் 17.3-ல 'ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன்' கொண்டு வந்தாங்க. வீடு, ஆஃபீஸ் மாதிரி பழகின இடத்தை விட்டு வெளிய இருந்தா, பாஸ்வேர்டு மாத்த முகத்தைக் காட்டணும். பாஸ்கோடு செல்லாது. முகத்தைக் காட்டினாலும் ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி காட்டணும்.

என் தம்பி இதை முன்னாடியே என் ஃபோன்ல போட்டு வெச்சிருந்தான். அன்னைக்கு நான் அழுதுட்டே அவனுக்கு ஃபோன் பண்ணப்ப, "அக்கா, ஒண்ணும் ஆகாது, முதல்ல தண்ணி குடி"ன்னான். அவன் லேப்டாப்லேருந்து, தூரத்துல இருக்கிற ஃபோனைப் பூட்டுற 'லாஸ்ட் மோட்' போட்டுட்டான். ஃபோன் கிடைக்கல. ஆனா கணக்கு என் கையிலேயே இருந்துச்சு. பொண்ணோட அஞ்சு வருஷ ஃபோட்டோ அத்தனையும் பத்திரமா இருக்கு. எனக்கு அது போதும்.

பெரம்பூரிலிருந்து:

நான் ஓய்வு பெற்றவன், வயது 66. எனக்கு எதுவும் வேலை செய்யவில்லை. அதையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

புறநகர் ரயிலில் வாசலோரம் நின்றிருந்தேன். பேசின் பிரிட்ஜ் அருகே வண்டி மெதுவானது. கீழே நின்றவன் கம்பால் என் மணிக்கட்டில் ஓர் அடி அடித்தான். ஃபோன் தண்டவாளத்தில் விழுந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. மேலே தம்பி சொன்ன இழுப்பும் ஓட்டமும் இதில் ஏது? விழுந்ததை நிதானமாகக் குனிந்து எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மகனுடைய கணினியில் தேடலாம் என்றால் கடவுச்சொல் நினைவில்லை. மறந்துவிட்டது என்று அழுத்தினால், உறுதி செய்யும் எண்ணை அந்தத் திருட்டுப்போன ஃபோனுக்கே அனுப்புகிறேன் என்கிறது. பூட்டிய வீட்டுக்குள் சாவி.

ரயில்வே போலீசில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். ஃபோனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ-க்காகப் பரணில் பெட்டியைத் தேடியதே ஒரு நாள் பாடு. மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால் நாடு முழுவதும் அந்த ஃபோன் எந்த சிம்மிலும் இயங்காது. அதற்கு ஓடிபி வரவேண்டும். ஆனால் மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. 2022 முதல் உள்ள விதி. மோசடியைத் தடுக்க வைத்திருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. அந்த ஒரு நாள் முழுக்க வங்கிக் கணக்கை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

வேளச்சேரியிலிருந்து, பெரம்பூர் ஐயாவுக்கு:

படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு ஐயா. கை இப்ப எப்படி இருக்கு?

உங்க நிலைமைக்குன்னே அதே பக்கத்துல 'ரிமோட் லாக்'னு ஒண்ணு இருக்கு. கடவுச்சொல் வேண்டாம். யாரோட ஃபோன்லேருந்தும் ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் பக்கத்துக்குப் போய் உங்க ஃபோன் நம்பரைக் கொடுத்தா பூட்டிடலாம். ரெண்டு நிபந்தனை: முன்னாடியே அதைப் போட்டு நம்பரை உறுதி பண்ணி வெச்சிருக்கணும், ஃபோன்ல இணையம் இருக்கணும். இணையத்தைத் துண்டிச்சிட்டா? அதுக்கு 'ஆஃப்லைன் டிவைஸ் லாக்', தானா பூட்டிக்கும். இது மூணையும் சேர்த்தே போடுங்க. ஐஎம்இஐ-க்குப் பரணெல்லாம் ஏற வேண்டாம். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சா திரையிலயே காட்டும். இன்னைக்கே காகிதத்துல எழுதி ரேஷன் கார்டோட வெச்சிடுங்க.

ஆண்ட்ராய்டு 15-ஓ அதுக்கு மேலயோ வெச்சிருக்கவங்களுக்கு 'ப்ரைவேட் ஸ்பேஸ்' இருக்கு. பேங்க் ஆப்களை அதுக்குள்ள வெச்சுத் தனிப் பூட்டு போடலாம். எங்க அண்ணன் அப்படித்தான் வெச்சிருக்காரு. ஒரே குறை, அது பூட்டியிருக்கும்போது உள்ள இருக்கிற ஆப்களோட நோட்டிஃபிகேஷன் வராது.

அம்பத்தூரிலிருந்து:

மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். எல்லாரும் ஃபோனைப் பூட்டுறதைப் பத்தியே பேசுறீங்க. சிம்மைக் கழட்டி வேற ஃபோன்ல போட்டா ஓடிபி எல்லாம் அங்கதான் வரும். ஃபோன் பூட்டு அதைத் தடுக்காது. 'சிம் லாக்'னு செட்டிங்ஸ்ல தேடி சிம்முக்கே ஒரு பின் போடுங்க. அப்புறம் வேற ஃபோன்ல போட்டாலும் பின் கேக்கும்.

ஒரு எச்சரிக்கை. முதல்ல சிம்மோட பழைய பின்னைக் கேக்கும். அது கம்பெனிக்குக் கம்பெனி வேற. குருட்டாம்போக்குல அடிக்காதீங்க. மூணு தடவை தப்பானா சிம் பூட்டிக்கும், பியுகே நம்பர் வாங்கித்தான் திறக்கணும். கஸ்டமர் கேர்ல கேட்டுக்கிட்டு அப்புறம் போடுங்க. பெரம்பூர் ஐயா, நீங்க கடைப்பக்கம் வந்தா நானே போட்டுத் தரேன்.

பெரம்பூரிலிருந்து:

நன்றி தம்பி. கையில் வீக்கம் வடிந்துவிட்டது. மகன் மூன்றையும் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்காரம்மாவின் ஃபோனிலும் போட்டாயிற்று. சிம் பின் மட்டும் பாக்கி. சனிக்கிழமை வரலாமா?