‘துணிவு’ பார்த்த பிறகு நினைவுக்கு வந்த வங்கிக் கிளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

பகிர்வு 1

2023 பொங்கலையொட்டி, ‘வாரிசு’ வெளியான அதே ஜனவரி 11 அன்று வந்த எச்.வினோத்தின் வங்கிக் கொள்ளைப் படமான ‘துணிவு’க்கு, அஜித்துக்காகப் போனவர்களே அதிகம். நானும் அப்படித்தான் போனேன். முதல் பாதி முழுவதும் துப்பாக்கிச் சத்தமும் விசிலும்தான். வங்கியை உண்மையில் கொள்ளையடிப்பவர் யார் என்ற கேள்வி, ஆயுதத்தோடு உள்ளே புகுந்தவர்களைக் கடந்து வங்கித் தலைவரின் அறைக்குள் போய் நின்றபோது, அருகில் இருந்த அப்பா, “நம்ம பாலிசி கதைதாண்டா இது” என்றார்.

ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தை நிரந்தர வைப்பில் போடத்தான் அவர் தம் வங்கிக் கிளைக்குப் போயிருந்தார். இளம் அதிகாரி ஒருவர் உள்ளே அழைத்து உட்காரவைத்து, காபி வரவழைத்து, “எஃப்.டி.யில என்ன சார் கிடைச்சிடப் போகுது?” என்று பேச்சைத் தொடங்கி, பென்சிலால் பெருக்கல் குறி இட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அது ஆண்டுதோறும் பிரீமியம் கட்டவேண்டிய காப்பீடு என்பது, மறு ஆண்டு அறிவிப்பு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தால், ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில், அப்பா பணியில் இருந்த காலத்திலும் கண்ணால் காணாத ஒரு தொகை எழுதப்பட்டிருந்தது! பாலிசியைத் திருப்பிக் கொடுக்க அப்போது பொதுவாக 15 நாள் அவகாசம்தான் (2024 முதல் 30 நாள்). அது எப்போதோ கடந்திருந்தது.

புகார் கொடுக்கப் போன அன்று, அந்த அதிகாரியின் கணினிக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். ஊழியர்களின் பெயர்களுக்கு நேரே அந்த மாதத்து இலக்கும், பிடித்த பாலிசிகளின் எண்ணிக்கையும் இருந்தன. அவருடைய பெயர் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. இலக்கு என்ற சாட்டையைப் பிடித்திருக்கும் கை மேலே இருக்கிறது என்று படம் காட்டுவதை நான் மறுக்காததற்கு அந்தத் தாளே காரணம்.

பகிர்வு 2

எனக்கு நேர்ந்தது லாக்கர் விவகாரம். நகைகளை வைக்க ஒரு லாக்கர் கேட்டதற்கு, காலி இல்லை என்றார்கள்; காப்பீடு ஒன்று எடுத்துக்கொண்டால் ‘பார்த்துச் செய்யலாம்’ என்பது அடுத்த வாக்கியம். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறைகளின்படி, புதிதாக லாக்கர் எடுப்பவரிடம் மூன்று ஆண்டு வாடகையும் உடைத்துத் திறக்கும் செலவும் அடங்கும் அளவுக்கு ஒரு வைப்புத் தொகையைத்தான் வங்கி கேட்கலாம். அதை அச்செடுத்து மேசையில் வைத்ததும், காலி இல்லாத லாக்கர் அன்றே காலியாகிவிட்டது.

பகிர்வு 3

படத்தின் நையாண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. பிற்பாதியில் நாயகன் நின்று வகுப்பெடுக்கத் தொடங்கியதும் அங்கதம் அறிவுரையாகிவிடுகிறது. மாறாக, வெளியே கொள்ளையை நேரலையாக விற்றுக்கொண்டிருக்கும் ஊடகக்காரர்களும், செய்தியாளராக வரும் பட்டிமன்றப் பேச்சாளர் மோகனசுந்தரமும் போகிறபோக்கில் குத்திவிட்டுப் போகும் இடங்கள்தான் அரங்கில் உண்மையான சிரிப்பை எழுப்பின.

‘இதெல்லாம் சினிமா மிகை’ என்று உடன் வந்த நண்பர் சொன்னபோது, நான் ஒரு பழைய செய்தியைத்தான் எடுத்துக் காட்டினேன். குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடமிருந்து பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை வசூலித்த தொகை ₹1,771 கோடி. அதே ஆண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அது ஈட்டிய நிகர லாபமோ ₹1,581 கோடி. கணக்கில் பணம் இல்லாதவர்களிடமிருந்தே இவ்வளவு திரட்டலாம் என்று எந்தத் திரைக்கதை ஆசிரியராவது எழுதியிருந்தால், தயாரிப்பாளர் நம்பியிருப்பாரா? 2020 மார்ச்சில் அந்த வங்கி அபராதத்தைக் கைவிட்டது. என் அம்மா கணக்கு வைத்திருக்கும் வங்கியில் அது இன்னும் பிடிக்கப்படுகிறது. பிடித்ததைத் தெரிவிக்கும் குறுஞ்செய்திக்கும் தனிக் கட்டணம்.