கீரைப்பாத்தியில் சம்பாவ் புல்: மருந்து அடித்தும் சாகவில்லை, என்ன செய்யலாம்?

கீரைப்பாத்தி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு நாலடி இடத்தில் அம்மாவுக்காகக் கீரை போடுகிறேன். மூன்று மாதமாக ஒரு புல் என்னைப் படுத்துகிறது. அடித்தண்டு தட்டையாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். நுனியில் கேழ்வரகுக் கதிர் மாதிரி விரல் விரலாய்ப் பிரிந்திருக்கும். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) பார்த்துவிட்டு "ரும்புட் சம்பாவ்", அதாவது சம்பாவ் புல், என்றார். பாத்தி காலியாக இருந்தபோது கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை இரண்டு தடவை அடித்தேன். மற்ற புல்லெல்லாம் கருகிவிட்டது, இது லேசாக மஞ்சளாகி மறுபடி பச்சை பிடித்துவிட்டது. கீரை விதைக்கவே மனசு வரவில்லை.

ரவாங் தம்பி:
அக்கா, அளவைக் கூட்டி அடிங்க, ஒரு மூடிக்கு ரெண்டு மூடி. அதுக்கும் கேக்கலன்னா உப்புத் தண்ணி ஊத்துங்க.

பழைய தோட்டக்காரன் (கெப்போங்):
தம்பி கோபிக்க வேண்டாம், இரண்டுமே கூடாது. உப்பு ஊற்றிய மண்ணில் கீரையும் வராது.

அம்மா, நான் பேராக்கில் செம்பனைத் தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து மருந்து அடித்தவன். உங்கள் மேல் தப்பில்லை. கிளைபோசேட் செடிக்குள் இருக்கும் ஒரு நொதியைப் பிடித்துத்தான் கொல்லும். சில சம்பாவ் செடிகளில் அந்த நொதியே கொஞ்சம் மாறிப்போயிருக்கும், மருந்து அதில் சரியாக ஒட்டாது. 1997-லேயே பேராக்கின் தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரே மருந்தை வருஷத்துக்குப் பல தடவை அடித்து வந்த தோட்டம் அது. சாகிறது செத்துவிடும், சாகாதது விதை போடும். அந்த விதைதான் அடுத்த புல்.

முன்பு நாங்கள் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. யாராவது பழைய போத்தல் கொடுத்தால் தொடாதீர்கள். சாப்பிடுகிற கீரை நிலத்தில் மருந்தே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

இது லாலாங் புல் மாதிரி இல்லை, மண்ணுக்கடியில் கிழங்கோடிப் பரவாது. விதையிலிருந்து முளைத்து, விதை போட்டுவிட்டுச் சாகிற ஜாதி. ஆனால் ஒரு செடி 50,000 விதை வரை போடும். அதனால் கதிர் வெளியே வருவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில் பிடுங்குங்கள். வேர் இறுக்கமாகப் பிடித்திருக்கும், சும்மா இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், அடி மறுபடி துளிர்க்கும். சின்னக் கத்தியைப் பக்கத்தில் குத்தி நெம்பி எடுங்கள். கதிர் வந்துவிட்டால் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழி பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கீரைப்பாத்தி:
ரொம்ப நன்றி ஐயா. பிடுங்கிய இடத்திலேயே பத்து நாளில் பச்சைப் பாய் விரித்த மாதிரி முளைக்கிறதே?

பழைய தோட்டக்காரன்:
அது மண்ணில் முன்பே கிடக்கும் விதை. முளைக்கட்டும், விடுங்கள். விதைப்பதற்கு முன் பாத்தியைக் கொத்தித் தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் காத்திருங்கள். இரண்டு இலை விட்டதும் வெயில் நேரத்தில் மேலாகச் சுரண்டி விடுங்கள். ஆழமாகக் கொத்தாதீர்கள், அடியில் கிடக்கும் விதை மேலே வந்து வெளிச்சம் பட்டால் அதுவும் முளைக்கும். இரண்டு தடவை இப்படிச் செய்துவிட்டுக் கீரை விதையைத் தூவுங்கள்.

ஒரு கேள்வி: பாத்தி ஓரம் மிதிபட்டு இறுகியிருக்கிறதா? சம்பாவுக்கு அந்த மாதிரி மண்தான் சொர்க்கம்.

கீரைப்பாத்தி:
ஆமாம் ஐயா! துணி காயப் போட அந்த வழியாகத்தான் தினமும் நடக்கிறோம். அங்கேதான் அடர்த்தியே.

பழைய தோட்டக்காரன்:
அப்படியென்றால் முதலில் அந்த நடைபாதையைப் பாருங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மேலே நாலு விரல் கனத்துக்கு மரத்தூளோ காய்ந்த இலையோ போடுங்கள்.

கீரைப்பாத்தி (ஏழு வாரம் கழித்து):
ஐயா, சொன்னபடி இரண்டு தடவை சுரண்டினேன். முதல் தடவை நூற்றுக்கணக்கில் முளைத்தது, இரண்டாம் தடவை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. போன வாரம் முளைக்கீரை தூவினேன், வரிசையாக எழும்பியிருக்கிறது. அட்டை போட்ட இடத்தில் ஒன்றுகூட இல்லை. வேலியோரம் மட்டும் வருகிறது, பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து. மக்சிக்கிடம் சொன்னேன், சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கப்போகிறோம்.