உள்ளங்காலில் இருப்பது கால் ஆணியா, மருவா?

செம்மண்பாதை கேட்டது:

அக்கா மகனுக்கு வயசு 13. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஒன்று. நாலு மாதமாக இருக்கிறது. இப்போது பக்கத்திலேயே பொடியாக இன்னும் இரண்டு. கபடிப் பயிற்சிக்கு வெறுங்காலோடு போகிற பையன். மெடிக்கலில் ஆணி என்று சொல்லி கார்ன் கேப் (நடுவில் மருந்து வைத்த வட்டப் பிளாஸ்டர்) கொடுத்தார்கள். மூணு நாள் ஒட்டியதில் சுற்றியிருந்த நல்ல தோல் வெளுத்து உரிந்ததுதான் மிச்சம். வீட்டில் பெரியவர்கள் எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்? சர்க்கரை நோய் எதுவும் கிடையாது.

நுரைக்கல்:

நம் ஊரில் இரண்டையும் ஆணி என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆணி என்பது அழுத்தத்தால் தடித்த தோல். மரு என்பது ஹெச்பிவி வைரஸ் தொற்று. பக்கத்தில் குட்டி போடுவது மருதான், ஆணி அப்படிப் பரவாது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். முதலில் மேலே நேராக விரலால் அழுத்துங்கள், பிறகு இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளுங்கள். ஆணி என்றால் அழுத்தும்போது வலி அதிகம், மரு என்றால் கிள்ளும்போது. அடுத்து, காலை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மேல்தோலை லேசாகத் தேய்த்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கைரேகை போலப் பாதத்திலும் கோடுகள் ஓடும். ஆணியில் அந்தக் கோடுகள் மேலேயே தொடரும். மருவில் விளிம்போடு அறுந்து, சுற்றி ஒதுங்கிப் போகும். நடுவில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அவற்றை 'வேர்' என்று சொல்லிக் குண்டூசியால் தோண்டுகிறார்கள். அது வேர் இல்லை, ரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். தோண்டினால் ரத்தம் வரும், வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் போகும்.

உடம்பின் எடை மேலிருந்து அழுத்துவதால் உள்ளங்கால் மரு வெளியே துருத்தாமல் உள்ளே அமுங்கி வளர்கிறது. நடந்தால் கல் மேல் மிதித்த மாதிரி குத்துவது அதனால்தான்.

எருக்கம்பால் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துவிடும், கை மாறிக் கண்ணில் பட்டால் கருவிழியே கெடும். சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைப்பதும் அதே ஆபத்துதான்.

வெண்களிம்பு:

மேலே சொன்னபடி பார்த்து மரு என்று தெரிந்தால், முதல் மருந்து சாலிசிலிக் அமிலம்தான். கார்ன் கேப்பிலும் அதுதான் இருக்கிறது, பெரும்பாலும் 40 சதவீதம். ஆனால் அந்த வட்டம் மருவை விடப் பெரியது, வியர்வையில் நகரும், நல்ல தோலைத் தின்னும். சாலிசிலிக் 16.7, லாக்டிக் 16.7 சதவீதம் சேர்ந்த கொலோடியன் பெயிண்ட் (காய்ந்ததும் ஏடாகப் படியும் திரவம்) கேட்டு வாங்குங்கள். சொட்டு சொட்டாக வைக்க அதுதான் வசதி.

உரிந்த தோல் ஆறட்டும், அதற்கு முன் தொடங்காதீர்கள். பிறகு தினமும் இரவில்: பத்து நிமிடம் வெந்நீர். நகம் தேய்க்கும் அட்டையால் வெளுத்த செத்த தோலை மட்டும் தேய்த்து எடுங்கள், இளஞ்சிவப்பு தெரிந்தாலோ வலித்தாலோ நிறுத்திவிடுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். சுற்றியுள்ள தோலில் வாசலின் வட்டமாகப் பூசி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. காய்ந்து வெள்ளை ஏடு படிந்ததும் பிளாஸ்டர். காலையில் எடுத்துவிடலாம்.

பலர் தோற்பது தேய்க்கும் இடத்தில்தான். செத்த தோலின் மேலேயே மருந்தைப் பூசிக்கொண்டிருந்தால் வைரஸ் இருக்கிற அடுக்குக்கு அது போய்ச் சேராது. இன்னொரு தவறு, மூணு வாரத்தில் மட்டமானதும் விட்டுவிடுவது. 12 வாரம் வரை போகலாம். கோடுகள் மறுபடி குறுக்கே ஓடத் தொடங்கினால்தான் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் எரிச்சலோ புண்ணோ வந்தால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். கொலோடியன் சட்டென்று தீப்பற்றும், விளக்குப் பக்கத்தில் வைத்துப் பூசக்கூடாது.

செம்மண்பாதை:

ஊறவைத்துப் பார்த்தோம். கிள்ளினால் துள்ளுகிறான், ஏழெட்டுக் கறுப்புப் புள்ளி தெரிகிறது. நேரே டாக்டரிடம் போய் திரவ நைட்ரஜன் வைத்து மருவை உறையவைத்துவிட்டால் சீக்கிரம் போகாதா?

நுரைக்கல்:

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 240 பேரிடம் நடத்தி 2011ல் வெளியான ஆய்வில், 50 சதவீத சாலிசிலிக் அமிலம், திரவ நைட்ரஜன் இரண்டுமே 12 வாரத்தில் முழுசாகக் குணமாக்கியது 14 சதவீதம் பேரைத்தான். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. வலிக்கும், கொப்புளம் போடும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பல தடவை போக வேண்டும். அமிலம் கைகொடுக்காவிட்டால் தோல் மருத்துவரிடம் அதைப் பேசலாம். நிறைய மரு இருந்தால் ஒன்றில் மட்டும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான) தடுப்பூசி மருந்தைச் செலுத்தி, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிற முறையும் உண்டு. கத்தியால் அறுத்தெடுக்க மட்டும் அவசரப்பட வேண்டாம். உள்ளங்காலில் தழும்பு விழுந்தால் அந்த வலி நிரந்தரம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே உதிர்ந்துவிடும் என்பதால் பொறுமையாக இருக்க இடம் இருக்கிறது.

வெண்களிம்பு:

படிக்கிற மற்றவர்களுக்கு: சர்க்கரை நோய், காலில் உணர்ச்சி குறைவு, ரத்த ஓட்டக் குறைவு இருந்தால் இந்த அமிலத்தைத் தொடாதீர்கள், எரிவது தெரியாமலே புண்ணாகிவிடும். பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் ஆறாமல் வளர்ந்து, கசிந்து நாற்றமடித்தால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், மரு போலத் தெரியும் புற்றுநோயும் உண்டு.

பையன் விஷயத்தில், கபடிக்குப் போகும்போது தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். அவன் துண்டு, செருப்பு, தேய்க்கும் அட்டை மூன்றும் தனி. அந்த அட்டையால் நகத்தைத் தேய்க்கக்கூடாது, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.